டேங்கைத் திறந்தால் இரண்டு மூக்கு

என் மகள் முத்துச்செல்வி பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். போன மாதம் வகுப்பில், "காருல பெட்ரோல் எங்கன இருந்து எஞ்சினுக்குப் போகுது மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறாள். "எங்கப்பா காலம் பூரா அதைத்தான் பாத்தாங்க, கேட்டுச் சொல்லுதேன்" என்று இவள் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வாயால் சொன்னால் போதாதாம், எழுதித்தான் தரவேண்டுமாம். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் குறை இருந்தால் உங்கள் மிஸ் சரிசெய்து கொள்வாள். வேலை விஷயத்தில் குறை இருக்காது, அதற்கு நான் பொறுப்பு.

பிள்ளைகளே, நீங்கள் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து போகிறீர்கள் அல்லவா? பல கார்களில் அந்தச் சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. டேங்குக்குள்ளே, பெட்ரோலில் முங்கிக்கொண்டு ஒரு சின்ன மோட்டார் இருக்கும். அதுதான் பம்ப். சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து "ம்ம்ம்" என்று மெல்லிய சத்தம் வந்து நிற்கும், கவனித்துக் கேளுங்கள். அது பம்ப் பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளுகிற சத்தம். ஓடி ஓடிச் சூடாகிற அந்த மோட்டாரை, சுற்றியிருக்கும் பெட்ரோலே குளிர வைக்கிறது. அதனால்தான் எந்நேரமும் டேங்க் காலியாகிற நிலையில் வண்டி ஓட்டினால் பம்ப் சீக்கிரம் கெட்டுப்போகிறது. உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பம்ப் எஞ்சின் பக்கத்திலேயே இருந்தது. கழற்றுவது பத்துப் பாத்திரம் கழுவுவது போல, பெரிய விஷயமில்லை. அது டேங்குக்குள் போன பிறகுதான் வேலை மாறியது. அதற்குள் நான் தச்சநல்லூரில் ஞானமணி அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்பில் பழைய ஆளாகி இருந்தேன். கடைசி வரைக்கும் அங்கேதான் இருந்தேன்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள். கிரீஸ் வேலை பார்த்தாலும் வெள்ளைச் சட்டைதான் போடுவார், அழுக்குப் படாது. அது எப்படி என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவர். ஒர்க்‌ஷாப்பில் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் நான் "லே இசக்கி". ஸ்பேனரைத் தரையில் போட்டுவிட்டேன் என்றால் "இசக்கிமுத்து சார் கொஞ்சம் எடுத்து வச்சுட்டுப் போங்களேன்" என்பார். அந்த சாரைக் கேட்டால் ஓடிப்போய் எடுத்து வைப்பேன்.

டேங்கைத் திறக்கும் நாளில் அவர் இன்னொரு ஆளாகிவிடுவார். முதலில் எங்கள் எல்லாருடைய செல்போன், வாட்ச், மோதிரம் எல்லாம் வாசலில் இருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். நைலான் சட்டை போட்டவனுக்கு அன்றைக்கு வேறு வேலை. பருத்திச் சட்டைதான் வேண்டும், ஏனென்றால் நைலான் உரசினால் கண்ணுக்குத் தெரியாத பொறி வரும். தரையில் தண்ணீர் தெளிப்போம். வண்டியைத் தொடும் முன்னால் இரும்புத் தூணை ஒரு தரம் தொட வேண்டும், உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் இறங்குவதற்கு. மணல் வாளியும் தீயணைக்கிற சிலிண்டரும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும்.

கடைசியாக, ஒரு சிவப்புத் துண்டைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து வாசல் கேட்டில் தொங்கவிடுவார். இது அவராக வைத்த பழக்கம். தெருவில் எல்லாருக்கும் அதன் அர்த்தம் தெரியும். துண்டு தொங்கினால் உள்ளே டேங்க் திறந்திருக்கிறது, பீடி சிகரெட்டோடு யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது. பக்கத்து டீக்கடைக்காரர் எங்கள் பக்கத்து அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் பக்கத்து அடுப்புக்கு மாறிக்கொள்வார். துண்டு காய்ந்துவிட்டால் திரும்ப நனைத்துப் போடுவோம். ஈரத்துண்டு என்றால் இப்போது போட்டது. காய்ந்து கிடந்தால், எடுக்க மறந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம்.

பம்பைக் கழற்றுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. வண்டி ஓடுகிற நிலையில் இருந்தால், பம்புக்குப் போகிற பியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிட வேண்டும். குழாயில் அழுத்தத்தோடு நிற்கிற பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும். ஓடாத வண்டி என்றால், குழாயின் மூட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு பையப் பையத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் முகத்தில் பீச்சி அடிக்கும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஒதுக்கிக் கட்ட வேண்டும். டேங்கில் பெட்ரோல் நிறைய இருந்தால் கைப்பம்பால் இரும்புக் கேனுக்கு இறக்க வேண்டும். கேனுக்கும் வண்டி உடம்புக்கும் ஒரு கம்பி கட்டுவோம், அதுவும் பொறி வராமல் இருக்கத்தான். பிறகு சீட்டை எடுத்து, மூடியைச் சுற்றியிருக்கும் மண்ணைத் துடைத்து, பூட்டு வளையத்தைப் பித்தளைக் கம்பியால் தட்டித் திருப்ப வேண்டும். இரும்பு ஆகாது, பித்தளை பொறி விடாது. பம்பைத் தூக்கும்போது அதன் கூட்டுக்குள் ஒரு டம்ளர் பெட்ரோல் நிற்கும். அதை டேங்குக்குள்ளேயே சாய்த்துவிட்டு வெளியே எடுக்க வேண்டும். புது பம்புக்குப் புது ரப்பர் வளையம். பழையதைத் திரும்பப் போட்டால் அண்ணாச்சி எல்லாருக்கும் சார் போடுவார்.

எல்லாம் மாட்டி முடிந்ததும் கடைசி வேலை அண்ணாச்சியுடையது. எல்லாக் கதவும் திறந்திருக்கும். அவர் பின்பக்கம் முட்டி போட்டு, டேங்க் மூடி இருக்கும் குழிக்குள் முகத்தைக் கொண்டுபோவார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தண்ணீர் போலப் பள்ளத்தில் போய்க் கிடக்கும். மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "வாடை போயிட்டு. மாட்டு" என்பார். அந்தச் சொல் வந்த பிறகுதான் நான் முன்னால் போய்ப் பேட்டரி வயரை மாட்டுவேன். மாட்டும்போது ஒரு சின்னப் பொறி தெறிக்கும். கதவு திறந்திருப்பதால் உள்ளே விளக்கும் எரியும். உள்ளே ஆவி நின்றால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவர் மூக்கு பொய் சொன்னதில்லை. அவர் சொன்ன பிறகு நான் யோசித்ததும் இல்லை.

கொரோனாக் காய்ச்சல் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அண்ணாச்சிக்கும் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து, தேறி, இன்னும் மெலிந்து ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினார். வந்த நாளிலிருந்து டீக்கடைக்காரரோடு ஒரே வழக்கு. "இஞ்சி போடச் சொன்னா சுடுதண்ணி தாரான்" என்பார். டீக்கடைக்காரர் என்னிடம் வந்து அழாத குறை. "இன்னைக்கு ஒரு கைப்பிடி தட்டிப் போட்டேன் வே. அதையும் போடலங்காரு. உங்க முதலாளிக்கு என்ன ஆச்சு?" காய்ச்சலில் வாய் கெட்டிருக்கிறது என்று நான் சிரித்துக்கொண்டேன்.

அவர் திரும்பிய பிறகு முதன்முதலாக டேங்க் திறந்தது ஒரு வெள்ளிக்கிழமை.

அன்று மதியம், பூ அலங்காரம் செய்த வெள்ளைக் கார் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மல்லிகையும் ரோஜாவும் தொங்கத் தொங்க முன்னால் வந்து நின்றது. டிரைவர் கணேசன் கல்லிடைக்குறிச்சிக்காரர், எங்களுக்குப் பழக்கம். சாயங்காலம் அங்கே கல்யாண வரவேற்பு, பொண்ணு மாப்பிள்ளையை மண்டபத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். பூக்கடையில் வண்டியை ஜோடித்துவிட்டுத் திரும்பும்போது தச்சநல்லூரில் நின்றுவிட்டது.

"வழியெல்லாம் மானம் போச்சு அண்ணாச்சி. மாப்பிள்ளைய எறங்கித் தள்ளச் சொல்லும்னு ஒருத்தன் கத்துதான்" என்றார் கணேசன்.

அண்ணாச்சி சாவியைத் திருப்பினார். அந்த "ம்ம்ம்" வரவில்லை. பியூஸ் நன்றாக இருந்தது, வயரில் கரண்டும் வந்தது. பம்ப்தான் போயிருந்தது.

"பெட்ரோல் எம்புட்டு இருக்கு?"

"முட்ட முட்ட இருக்கு. பொண்ணு வீட்டுல போட்டுத் தந்தாங்க."

"என்னைக்கும் காலி டேங்கோட சுத்துவீரு. பம்ப் கருகுன அன்னைக்குப் பாத்து ரொப்பிட்டு வந்து நிக்கேரு. வண்டி போகும் வே, ஆனா அவசரப்படுத்தக் கூடாது."

துண்டை நனைத்துக் கேட்டில் போட்டோம். கணேசனின் செல்போனும் டப்பாவுக்குள் போனது. அது உள்ளே கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது. "பொண்ணோட மாமா" என்று தலையில் கை வைத்தார்.

அடியில் கொஞ்சம் விட்டுவிட்டு மீதிப் பெட்ரோலைக் கேன்களில் இறக்கினோம். அண்ணாச்சி பின்சீட்டுப் பக்கம் இருந்து பம்பைத் தூக்கினார். இந்த வண்டியில் குழாய் குட்டை. பாதி தூக்கியதும் குழாய் இழுத்துக்கொண்டது, பம்ப் சாய்ந்தது. கூட்டுக்குள் நின்ற பெட்ரோல் வண்டியின் தரையில் கொட்டிவிட்டது. நல்ல துணியால் துடைத்துத் துணியைப் பின்புறத் தோட்டத்தில் போட்டோம். புது பம்பை வைத்து, புது வளையம் போட்டு, பூட்டைத் திருப்பி இறுக்கினார் அண்ணாச்சி. நான் பெட்ரோல் கேன்களை ஒவ்வொன்றாகப் பின்புறம் கொண்டுபோய் நிழலில் வைத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது அண்ணாச்சி குழிக்குள் முகம் வைத்திருந்தார். நிமிர்ந்தார்.

"வாடை போயிட்டு. மாட்டு."

நான் முன்னால் போய் ஸ்பேனரை எடுத்துக் குனிந்தேன். பெட்ரோல் வாடை அடித்தது. என் கையைப் பார்த்தேன். இவ்வளவு நேரம் கேன் தூக்கிய கை, அதில் அடிக்காமல் என்ன செய்யும். வயரைக் கையில் எடுத்தேன். இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. அண்ணாச்சி சொல்லிவிட்டார், அவர் சொன்னால் சரிதான். கையில்தான் வாடை. அப்படியா, இல்லை உள்ளேயா? வயரைப் பிடித்தபடி நின்றேன்.

"என்னலே, மரமா நிக்க? மாட்டு."

அப்போது தெருவில் பீர் பாய் வந்தார். வெள்ளிக்கிழமை தோறும் கடை கடையாகச் சாம்பிராணி போடுகிறவர். கையில் கங்கு நிறைந்த சட்டி, தோளில் சாம்பிராணிப் பை, மயில்தோகை விசிறி. எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் உள்ளே வந்து மூலைமூலையாகப் புகை காட்டிவிட்டுத்தான் போவார். அண்ணாச்சி வேதக்காரர், நான் சுடலைமாடனைக் கும்பிடுகிறவன், பாய் துலுக்கர். புகை எல்லாருக்கும் பொது. துண்டைப் பார்த்தால் மட்டும் எதிர்ப்பக்கம் நின்றுகொள்வார். அன்றைக்கும் சாலைக்கு அந்தப் பக்கமே நின்றார். நின்று மூக்கைச் சுளித்தார்.

"என்ன அண்ணாச்சி, இங்கன வரைக்கும் பெட்ரோல் வாடை தூக்குது. என் சட்டியில உள்ள சாம்பிராணியே எனக்குத் தெரியல."

நான் வயரை விட்டுவிட்டேன். டீக்கடைக் குழாயில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். தெருவில் நின்று மூச்சை நன்றாக விட்டுவிட்டு, திரும்பி வந்து பின்கதவுப் பக்கம் குனிந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. குப்பென்று அடித்தது.

"அண்ணாச்சி, வாடை உள்ள நிக்கி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திரும்பக் குழிக்குள் முகத்தை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு எழுந்து, சாலையைக் கடந்து பாயிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"சாம்பிராணி போடும் பாய்."

பாய் ஒரு பிடி எடுத்துக் கங்கில் தூவினார். புகை பொங்கி எழுந்தது. அண்ணாச்சி சட்டிக்கு மேலே முகத்தைக் கொண்டுபோய் இழுத்தார். இருமினார். கண் சிவந்து தண்ணீர் ஒழுகியது.

"போட்டாச்சா?" என்று கேட்டார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"போட்டாச்சு அண்ணாச்சி" என்றார் பாய், மெதுவாக.

அண்ணாச்சி சட்டைக்கையால் முகத்தைத் துடைத்தார். "சோறு மண்ணு மாதிரி இருந்துது. காய்ச்சல் வாய்னுல்லா நெனச்சேன். மூக்குன்னு தோணவே இல்லியே லே" என்றார். எங்கள் இருவரிடமும் இல்லை, சட்டியிடம் சொல்வது போல.

"எனக்கும் போச்சு அண்ணாச்சி" என்றார் பாய். "அத்தர உள்ளங்கையில ஊத்தி மோந்து பாத்தேன், தண்ணி மாதிரி இருந்துது. சாம்பிராணி விக்கவனுக்கு மூக்கு போச்சுன்னு வெளிய சொல்ல முடியுமா? கம்முனு கெடந்தேன். பைய வந்துது. உங்களுக்கும் வரும்."

திரும்பி வந்ததும் அண்ணாச்சி வேலையில் இறங்கிவிட்டார். தரைவிரிப்பைத் தூக்கினோம். அடியில் கம்பளி மாதிரி ஒரு தடித்த விரிப்பு இருக்கும், சத்தம் உள்ளே வராமல் இருக்க. கொட்டிய பெட்ரோல் அதற்குள் இறங்கி நின்றது. மேலே துடைத்தது எங்களுக்குச் சுத்தமாகத் தெரிந்தது. விரிப்பை உருவி வெயிலில் போட்டோம். தகரத்தைத் துடைத்தோம். பிறகு காற்றாட விட்டோம். வேறு வழியில்லை, மின்விசிறி போடக் கூடாது, அதுவும் மோட்டார்தான். காற்று தானாக வந்துதான் ஆவியைக் கொண்டுபோக வேண்டும். துண்டைத் திரும்ப நனைத்துப் போட்டேன்.

கணேசன் பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே புலம்பினார். "மல்லி வாடிட்டு. பொண்ணு ஆட்டோவுல போகப் போறா. எனக்கு இனி யாரும் கல்யாண ஓட்டம் தரமாட்டான். அண்ணாச்சி, ஜன்னல எறக்கிட்டே ஓட்டிட்டுப் போயிருதேன்."

"கணேசன் சார் கொஞ்சம் வெளிய உக்காருங்களேன்" என்றார் அண்ணாச்சி. கணேசன் வெளியே போய் உட்கார்ந்தார்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டு வண்டியின் முன்பக்கம் போனார். பேட்டரி பக்கத்தில், என் இடத்தில், நின்றார்.

"நீ அங்கன போ. நீ சொல்லு, நான் மாட்டுதேன்."

முட்டி போட்டுக் குழிக்குள் முகத்தை வைத்தேன். மெல்லியதாக வாடை இருந்தது.

"இன்னும் இருக்கு அண்ணாச்சி."

கையில் ஸ்பேனரோடு காத்து நின்றார். டப்பாவுக்குள் பொண்ணின் மாமா அடித்துக்கொண்டிருந்தார். சாலையில் பாயும் போகாமல் நின்றார். நான் தெருவுக்குப் போய் மூச்சு விட்டு வந்து மறுபடி பார்த்தேன். இன்னும் என்றேன். அவர் மூக்கை நான் எப்படி நம்பினேனோ அப்படி என் மூக்கை அவரும் நம்பி நின்றார். வெயில் கிழக்குச் சுவரில் ஏறிய பிறகு, குழிக்குள் தகரத்தின் வாடை மட்டும்தான் இருந்தது.

"போயிட்டு அண்ணாச்சி. மாட்டுங்க."

மாட்டினார். சின்னப் பொறி, உள்ளே விளக்கு. சாவியைத் திருப்பினார். "ம்ம்ம்" என்று புது பம்பின் சத்தம். நிறுத்தித் திரும்பத் திருப்பினார். மூடியைச் சுற்றியும் குழாய் மூட்டிலும் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு துளி கசிவில்லை. கேனில் இருந்ததை டேங்குக்குத் திரும்ப ஊற்றி, அதற்கும் காற்றாடவிட்டு, கடைசியில் சீட்டை மாட்டினோம். விரிப்பை மட்டும் கொடுக்கவில்லை, மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னோம். துண்டை எடுத்த பிறகு பாய் உள்ளே வந்து, ஒர்க்‌ஷாப் முழுக்கப் புகை காட்டினார். வண்டிக்கும் காட்டச் சொன்னார் கணேசன். "அதெல்லாம் மண்டபத்துல காட்டுவாங்க, கெளம்பும்" என்றார் அண்ணாச்சி. வரவேற்பு தொடங்கும் நேரத்துக்கு வண்டி போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பிறகு போன் வந்தது. ரோட்டுச் சத்தம் உள்ளே கேட்கிறதே என்று மாப்பிள்ளை கேட்டாராம்.

மறுநாள் அண்ணாச்சி, இனிமேல் டேங்க் வேலை எடுக்க வேண்டாம் என்றார். "மூக்கில்லாதவன் டேங்கத் தெறக்கப் படாது லே."

"உங்ககிட்ட இல்லைன்னா ஒர்க்‌ஷாப்புல இல்லைன்னு ஆயிருமா?" என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல். எனக்கு சார் விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை.

அதிலிருந்து மோந்து பார்ப்பது என் வேலை, பேட்டரி மாட்டுவது அவர் வேலை. வெள்ளிக்கிழமை பாய் வந்தால், அண்ணாச்சி சாலையைக் கடந்துபோய்ச் சட்டிக்கு மேலே முகம் வைத்துப் பார்ப்பார். "இன்னைக்கு?" என்பார் பாய். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருவார்.

பல மாதம் கழித்து ஒரு காலையில், டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். டீக்கடையைப் பார்த்துச் சொன்னார். "இன்னைக்குத்தான் வே ஒழுங்கா இஞ்சி போட்டிருக்கீரு."

டீக்கடைக்காரர் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தார். "அண்ணாச்சி, நான் சண்டைக்கு வரல. ஆனா தெனமும் இதத்தான் போடுதேன்." பிறகு அவருக்கே விஷயம் புரிந்து, உள்ளே போய் எங்கள் எல்லாருக்கும் இன்னொரு டீ போட்டார்.

அடுத்த டேங்க் வேலை வந்தபோது, நான் பழையபடி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். அண்ணாச்சி முட்டி போட்டு மோந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எங்க போற? நீயும் வந்து பாரு."

"உங்களுக்குத்தான் வந்துட்டே அண்ணாச்சி."

"வந்தது திரும்பப் போகாதுன்னு எழுதியா குடுத்திருக்கு? ரெண்டு பேரும் சொன்னாத்தான் மாட்டணும்."

அன்று முதல் அதுதான் சட்டம். ஒருவர் மோந்து, அடுத்தவர் தெருவில் மூச்சு விட்டு வந்து மோந்து, இரண்டு பேரும் போயிட்டு என்றால்தான் வயர் மாட்டுவது. நீங்கள் யாரும் இந்த வேலையை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. பெரிய ஆள்கூடத் தனியாகச் செய்யக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் இறங்கித் தள்ளி நின்று, பெரியவர்களிடம் சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும்தான் அடிக்கிறது என்றாலும் சொல்லுங்கள்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். முதுகு ஒத்துழைக்கவில்லை. என் மகன் பேட்டரி கார் வாங்கியிருக்கிறான், அதில் டேங்க்கே கிடையாது, பின்சீட்டுக்கு அடியில் நான் மோந்து பார்க்க ஒன்றும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் புதுசாக நல்ல பையன்கள் வந்திருக்கிறார்கள், வேலை தெரிந்தவர்கள், மூக்கும் உள்ளவர்கள். ஆனாலும் வாரத்தில் ஒரு தரமாவது மத்தியானம் அண்ணாச்சியின் போன் வரும்.

"லே இசக்கி, துண்டு போட்டிருக்கேன். வாறியா?"

நைலான் சட்டையைக் கழற்றிவிட்டுப் பருத்திச் சட்டையை மாட்டிக்கொண்டு போவேன். முட்டி போட முடியாது, கதவைப் பிடித்துக் குனிந்து பார்ப்பேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, இஞ்சி டீ குடித்துவிட்டு வருவேன். முத்துச்செல்வியின் வகுப்புப் பிள்ளைகள் யாருக்காவது இதில் சந்தேகம் இருந்தால் கேட்கலாம். தச்சநல்லூர் பக்கம் வரும்போது கேட்டில் சிவப்புத் துண்டு ஈரமாகத் தொங்கினால், என்னைத் தேடி வீட்டுக்குப் போக வேண்டாம். சாலைக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுங்கள், துண்டை எடுத்ததும் வருகிறேன்.